சீதை என்னும் பெயர்: சொல்வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாய் அமைந்த பெண்பாற் பெயர்களுள் சீதா என்பது ஒன்று. அது தனித்தும் வழங்கும். சீதாலட்சுமி, சீதாதேவி, சீதம்மா எனப் பிற சொற்களோடு கூடியும் வழங்கும். சீதாராமன் என ஆண்பாற் பெயரின் முன்னுறுப்பாகவும் நிற்கும். இப்பெயரின் பொருள் யாது என வினவினால், பெரும்பாலோர் சொல்லின் பொருளைக் கூறுவதில்லை. சனகன் நிலத்தை உழுதபோது பெண்மகவு ஒன்று கிடைத்த வரலாற்றையே விடையாகக் கூறுவர். பொருள் வினவிய இடத்தில் கதை விடையாக வருவதற்குக் காரணம் உண்டு. பெயருக்கு அடிப்படையாய் நின்ற பொதுச்சொல் வழக்கிறந்துவிட்டது. அதன் பொருளைக் கதை மட்டுமே சுமந்து நிற்கிறது.

இக்கட்டுரை, ‘ஸீதா’ என்னும் வடசொல் பொதுச்சொல்லாய் நின்ற நிலையையும், இயற்பெயராய் உறைந்த நிலையையும், பிற மொழிகளுட் புகுந்தபோது அம்மொழியாளர் செவியில் அது பெற்ற புதுப்பொருள்களையும் ஆராய முற்படுகிறது. இவ்வாய்வின் பயன் மொழிபெயர்ப்பாளர்க்கு உரியது. ஒரே சொல் ஓரிடத்தில் நிலத்தின் பகுதியையும், ஓரிடத்தில் தெய்வத்தையும், ஓரிடத்தில் அரசின் வருவாயையும், ஓரிடத்தில் காப்பியத் தலைவியையும் குறிக்கும்போது, எவ்விடத்து எதனைக் கொள்வது என்பது பெயர்ப்பின் அடிப்படை வினாவாகிறது.

2. வேத இலக்கியத்தில் ஸீதா

‘ஸீதா’ என்பதன் முதற்பொருள் உழவுசால், அதாவது ஏர் சென்ற வழியில் நிலத்திற் கீறப்படும் கோடு. கலப்பையைக் குறிக்கும் ‘ஸீர’ என்னும் சொல்லோடும், எல்லை, வகிடு ஆகியவற்றைக் குறிக்கும் ‘ஸீமன்’ என்னும் சொல்லோடும் இதனை ஒப்புநோக்கத்தக்கதென மோனியர் வில்லியம்சு தம் அகராதியில் (1899) குறித்துள்ளார். நிலத்திற் கீறிய கோடும் தலையில் வகிர்ந்த கோடும் ஒரே சொற்குடும்பத்தின் அருகருகே நிற்பது நோக்கத்தக்கது.

இருக்கு வேதம் நான்காம் மண்டிலத்தின் 57ஆம் சூக்தம் வயற்காவல் தெய்வத்தையும் உழவுக்கருவிகளையும் பரவுவது. அதன் 6, 7ஆம் மந்திரங்கள் ஸீதையை விளித்து, அருகில் வந்து வளந்தருமாறு வேண்டுகின்றன. இந்திரன் அவளை அழுத்தவும், பூஷன் அவளைச் செலுத்தவும், ஆண்டுதோறும் அவள் பால்போற் பொழியவும் வேண்டுதல் அமைகிறது. அழுத்தப்படுவதும் செலுத்தப்படுவதும் உழவுசால். விளிக்கப்படுவதும் வணங்கப்படுவதும் தெய்வம். இரண்டும் ஒரே சொல்லால் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன.

அதர்வ வேதத்தின் உழவுச் சூக்தத்தில் (3.17) நெய்யும் தேனும் பூசப்பெற்றவளாக ஸீதா கூறப்படுகிறாள். அக்கினிசயனம் என்னும் வேள்வியில் வேதிகை அமைக்குமுன் அவ்விடத்தை உழுது சால் இடும் சடங்கைச் சதபத பிராமணம் (7.2.2) விரிக்கிறது. பாரஸ்கர கிருஹ்யசூத்திரம் (2.17) ‘ஸீதா யக்ஞம்’ என ஒரு வேள்வியையே விதித்து, அதில் ஸீதையை இந்திரன் மனைவியாக அழைக்கிறது. மழைக்கடவுளின் துணைவியாக உழவுசாலைக் கருதிய உழவர் உள்ளம் இதிற் புலப்படுகிறது. தைத்திரீய பிராமணத்தில் (2.3.10) வரும் ஸீதா ஸாவித்ரி வேறொருத்தி, பிரஜாபதியின் மகளாகிய அவள் சோமனை விரும்பியவள். அங்கு உழவுத்தொடர்பு கூறப்படவில்லை. எனவே வேத இலக்கியத்தில் ‘ஸீதா’ எனக் காணும் இடமெல்லாம் ஒருத்தியையே குறிப்பதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

3. பொதுச்சொல்லின் ஆட்சி

தெய்வப்பெயராய் நின்ற காலத்தும் இச்சொல் பொதுச்சொல் தன்மையை இழக்கவில்லை. பாணினியின் 4.4.91ஆம் நூற்பா ஸீதா என்னும் பகுதியிலிருந்து ‘ஸீத்ய’ என்னும் ஆக்கச்சொல்லைப் பெற வழிசெய்கிறது. அது சாலுக்கு இயைய அமைந்த, உழப்பட்ட நிலத்தைக் குறிக்கும். அமரகோசம் கலப்பையின் உறுப்புகளைக் கூறுமிடத்து, ஸீதா என்பதற்குக் கலப்பை சென்ற வழி எனப் பொருள் தருகிறது. பாலியிலும் இச்சொல் உயிரோடு இருந்தது. விநய பிடகத்தின் மகாவக்கத்தில், நஞ்சு ஊட்டப்பட்ட துறவிக்கு மருந்தாக, உழும்போது கலப்பையில் ஒட்டும் மண்ணைக் கரைத்துக் கொடுக்க இசைவு தரப்படுகிறது. அம்மண்ணுக்குப் பெயர் ‘ஸீதாலோளி’. தெய்வமோ காப்பியமோ இங்கு இல்லை. வயலின் ஈரமண் மட்டுமே உண்டு.

அர்த்தசாத்திரத்தில் இச்சொல் மேலும் விரிவு பெறுகிறது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்திற்கு 1905இல் அளித்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியைக் கொண்டு ஆர். சாமசாத்திரி அந்நூலை 1909இல் பதிப்பித்தார். அதன் இரண்டாம் அதிகரணம் 24ஆம் இயல் ‘ஸீதாத்யக்ஷன்’ என்னும் அதிகாரியின் கடமைகளைக் கூறுகிறது. அரசுக்கு உரிய நிலத்தின் வேளாண்மையை மேற்பார்க்கும் தலைவன் இவன். களஞ்சியம் பற்றிய இயலில் (2.15) அந்நிலங்களிலிருந்து வந்த தானியமே ‘ஸீதா’ எனப்படுகிறது. உழவுசால், உழுத நிலம், அரசு நிலம், அந்நிலத்தின் விளைவு எனப் பொருள் படிப்படியாக விரிந்தமை தெளிவு. அதே 24ஆம் இயலின் இறுதிப் பகுதியில், முதல் விதைப்பின்போது கூறவேண்டிய மந்திரத்தில் ஸீதா தேவி விதைகளிலும் செல்வத்திலும் பெருக வேண்டும் என வேண்டப்படுகிறது. ஆட்சித்துறைக் கலைச்சொல்லும் தெய்வப்பெயரும் ஒரே இயலில் அருகருகே நிற்கின்றன.

4. காப்பியத்தில் இயற்பெயர்

இதிகாச மகளிர் பெயர்களுட் பல தந்தை பெயரிலிருந்தோ நாட்டின் பெயரிலிருந்தோ ஆக்கப்பட்டவை. கோசல நாட்டினள் கௌசல்யா. கேகய நாட்டினள் கைகேயீ. காந்தார நாட்டினள் காந்தாரீ. மத்திர நாட்டினள் மாத்ரீ. துருபதன் மகள் திரௌபதீ. முதலெழுத்து விருத்தி பெற்று ஈற்றில் விகுதி ஏற்கும் தத்திதாந்தப் பெயர்கள் இவை. பெண் யாருடைய மகள், எந்நாட்டினள் என்பதை இவை கூறுமே அன்றி, அவள் யார் என்பதைக் கூறா. சீதையின் பிற பெயர்களும் இவ்வகையினவே. சனகன் மகள் ஜானகீ. விதேக நாட்டினள் வைதேஹீ. மிதிலையைச் சார்ந்தவள் மைதிலீ. ஸீதா ஒன்றே தந்தையையும் நாட்டையும் சாராத பெயர். அது அவள் பிறந்த இடத்தை, அதாவது உழவுசாலையே, பெயராகக் கொண்டது.

வால்மீகி இராமாயணம் பாலகாண்டத்தில் சனகன் விசுவாமித்திரரிடம் இவ்வரலாற்றைக் கூறுகிறான். நிலத்தை உழுது தூய்மை செய்கையில் கலப்பையின் பின்னே அவள் எழுந்ததாகவும், ஸீதா என்னும் பெயரால் அறியப்பட்டதாகவும் உரைக்கிறான். பெயருக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் கவிஞர் விளக்கவில்லை. கேட்போர் ‘ஸீதா’ என்றால் உழவுசால் என அறிந்திருந்தமையால் விளக்கம் வேண்டப்படவில்லை. இம்மௌனமே அக்காலத்தில் பொதுச்சொல் உயிரோடு இருந்தமைக்குச் சான்று எனலாம். சனகனுக்கு விஷ்ணு புராணம் வழங்கும் ‘ஸீரத்வஜன்’ என்னும் பெயரும் ஈண்டு இயைபுடையது. கலப்பைக் கொடியோன் மகள் உழவுசால்.

வேதத் தெய்வமும் காப்பியத் தலைவியும் ஒருத்தியே என்னும் கருத்தை எர்மன் யாக்கோபி 1893இல் வெளியிட்ட இராமாயண ஆய்வில் வலியுறுத்தினார். இராமனை இந்திரனோடும் இராவணனை விருத்திரனோடும் அவர் ஒப்பிட்டார். அவ்வொப்புமை முழுவதையும் ஏற்பதும் மறுப்பதும் வேறு. பெயர் அளவில் ஒன்று உறுதி: மண்ணிலிருந்து தோன்றி, உத்தரகாண்டத்தின் இறுதியில் மண் பிளந்து ஏற்க மறையும் ஒருத்தியின் வாழ்வு, அவள் பெயரின் பொருளை இருமுனையிலும் நிறைவு செய்கிறது. பெயரின் பொருள் அறியாதார்க்கு அம்முடிவு ஒரு வியத்தகு நிகழ்ச்சி மட்டுமே. அறிந்தார்க்கு அது உழவுசால் மீண்டும் மூடிக்கொள்வதாகும்.

5. மொழிதோறும் பெற்ற வடிவங்கள்

பிராகிருதத்தில் உயிரிடைத் தகரம் கெட்டு யகர உடம்படுமெய் தோன்ற, ஸீதா ‘ஸீயா’ ஆயிற்று. விமலசூரியின் பௌமசரியம் என்னும் சமண இராமகாதையில் இவ்வடிவமே வழங்குகிறது. அவதியில் அது ‘ஸிய’ எனக் குறுகித் துளசிதாசர் வாக்கில் நிலைபெற்றது. இன்று வடநாட்டில் பெண்களுக்கு இடப்படும் ‘ஸியா’ என்னும் பெயர் இதன் வழிவந்ததே.

தென்னாட்டு மொழிகள் ஈற்று ஆகாரத்தைத் தத்தம் மரபிற்கேற்ப மாற்றின. கன்னடத்தில் ஸீதெ, தெலுங்கிலும் மலையாளத்திலும் குற்றியலான அகர ஈற்றொடு ஸீத, தமிழில் சீதை. வடசொல்லின் ஈற்று ஆகாரம் ஐகாரமாகவும் ஈகாரம் இகரமாகவும் திரியும் என நன்னூற் பதவியல் கூறும் விதிக்குச் சீதையும், சானகி, மைதிலி, வைதேகி ஆகியனவும் எடுத்துக்காட்டுகள். இவ்விதி நூலில் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே வடிவம் வழக்கில் இருந்தது. ஊன்பொதி பசுங்குடையார் பாடிய புறநானூறு 378ஆம் பாட்டில், சீதையின் அணிகலன்களைக் கண்டெடுத்த குரங்குகள் உவமையாக வருமிடத்தில், சீதை என்னும் பெயர் ஐகார ஈற்றோடு இடம்பெற்றுள்ளது.

இக்காலத் தமிழில் மற்றொரு வேறுபாடும் உருவாகியுள்ளது. காப்பியத் தலைவியைச் சீதை என்கிறோம். அப்பெயர் கொண்ட பெண்ணைச் சீதா என்கிறோம். நூல் கீதை, பெண் கீதா. கண்ணனின் காதலி ராதை, அண்டைவீட்டுப் பெண் ராதா. பழைய கடன்வடிவம் இலக்கியத்திற்கும், ஆகார ஈற்றுப் புதுவடிவம் மக்கட்பெயருக்கும் எனப் பணி பிரிந்துள்ளது. ஒரு சொல்லின் இரு வடிவங்கள் பொருள் வேறுபாட்டிற்குப் பயன்படுத்தப்படும் இந்நிலை தனியே ஆராயத்தக்கது.

பெயர் தமிழுக்கு வந்தது. பொதுச்சொல் உழவர் வாயில் இடம்பெறவில்லை. இதற்குக் காரணம் தெளிவு. தமிழில் சால், உழவுசால், படைச்சால் ஆகியன உண்டு. மலையாளத்தில் சால், தெலுங்கில் சாலு, கன்னடத்தில் சாலு என இனச்சொற்கள் அமைந்துள்ளன. உழுதொழிலுக்குத் தம் சொல் நிறைந்திருந்த மொழிகள் அயற்சொல்லைப் பெயராக மட்டுமே ஏற்றன. அதன் விளைவு யாதெனில், கார்முகப் படலத்தில் சதானந்தன் கூற்றாகக் கம்பர் கலப்பையின் கொழுமுகத்தில் அவள் தோன்றியதைப் பாடும்போது, தமிழ் கேட்போர் நிகழ்ச்சியை உணர்கின்றனர். ஆயின் அந்நிகழ்ச்சி பெயரிலேயே அடங்கியிருப்பதை உணர்வதில்லை.

6. தமிழ் எழுத்தில் எழும் மயக்கம்

‘சீத’ எனத் தொடங்கும் தமிழ்ச்சொற்கள் வெவ்வேறு மூலங்களை உடையன. வடமொழியின் ஸகரமும் ஶகரமும் தமிழிற் சகரமாகும். மொழிமுதல் மெய்ம்மயக்கம் தமிழுக்கு இயல்பன்று ஆதலின், ஶ்ரீ, ஸ்த்ரீ இரண்டும் ‘சீ’ எனச் சுருங்கும். இதன் பயனாக நான்கு வழிகள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.

முதலாவது, உழவுசால் எனப் பொருள்படும் ஸீதா, இதன்வழிச் சீதை. இரண்டாவது, குளிர்ச்சி எனப் பொருள்படும் ஶீத. இதன்வழிச் சீதம், சீதளம். மூன்றாவது, திருமகளைக் குறிக்கும் ஶ்ரீ. இதன்வழிச் சீதேவி, சீதரன். நான்காவது, பெண்ணைக் குறிக்கும் ஸ்த்ரீ, இதன்வழிச் சீதனம். சீதேவி என்பது சீதா தேவி என்பதன் சிதைவன்று என்பதற்கு, அது மூதேவி என்பதற்கு எதிர்ச்சொல்லாய் நிற்பதே சான்று. அவ்வாறே வடநாட்டில் அம்மை நோய்த் தெய்வமாகிய ஶீதளா குளிர்ச்சியாற் பெயர் பெற்றவள், சீதையோடு தொடர்பில்லாதவள்.

பெயர்களுக்குப் பொருள் கூறும் கையேடுகளிற் சீதா என்பதற்குக் ‘குளிர்ந்தவள்’ என்றோ, குறில் இகரமுடைய ‘ஸிதா’வோடு மயங்கி ‘வெண்மையானவள்’ என்றோ பொருள் தரப்படுவது இம்மயக்கத்தின் விளைவே. பிழை சிறிதெனத் தோன்றலாம். எனினும் மண், ஏர், மழை, விதை ஆகியவற்றோடு பிணைந்த ஒரு பெயர், மென்மையைக் குறிக்கும் வெறும் பண்புப்பெயராக இதனாற் குறுகிவிடுகிறது.

7. பெயர் வேண்டிய கதைகள்

பொதுச்சொல் வழக்கிறந்த பின்னும் பெயர் தனக்கொரு விளக்கத்தை வேண்டி நிற்கிறது. இதனை இராமகாதையின் பல்வேறு வடிவங்கள் காட்டுகின்றன. தசரத ஜாதகத்தில் (461) சீதை தசரதன் மகள். அங்கு உழவு இல்லை. பௌமசரியத்தில் அவள் சனகனுக்கு இயல்பாய்ப் பிறந்த மகள். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டினரான குணபத்திரரின் உத்தரபுராணத்தில் அவள் இராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்து, பேழையில் இடப்பட்டு, மிதிலையின் மண்ணிற் புதைக்கப்பட்டு, உழும்போது வெளிப்படுகிறாள். பெற்றோர் மாறினும் ஏர் மாறவில்லை. தாய்லாந்தில் முதலாம் இராமா மன்னர் (ஆட்சி 1782–1809) காலத்து இராமகியெனிலும் ‘சீதா’ இலங்கை வேந்தன் மகளாய்ப் பிறந்து பேழையில் மிதந்து வந்தவள். சனகன் அவளை மண்ணிற் புதைத்துப் பின்னர் உழுது காண்கிறான். தாய் மொழியில் அப்பெயருக்கு உழவுசால் என்னும் பொருள் இல்லை. எனினும் கதை அப்பொருளைக் கைவிடவில்லை.

இதற்கு மறுதலையான சான்று கன்னட நாட்டுப்புற வழக்கிற் கிடைக்கிறது. மைசூரிற் பிறந்த மொழியியலறிஞர் ஏ. கே. இராமானுசன், 1991இல் அச்சேறிய தம் முந்நூறு இராமாயணங்கள் பற்றிய கட்டுரையில், இராவணனே கருவுற்றுத் தும்மலின் வழியே சீதையை ஈன்றதாகக் கூறும் ஒரு கன்னட நாட்டுப்பாடலை எடுத்துக்காட்டியுள்ளார். கன்னடத்தில் ‘சீத’ என்பது தும்மினான் எனப் பொருள்படும் என அவர் விளக்குகிறார். உழவுசால் என்னும் பொருள் செவிக்கு எட்டாத இடத்தில், மக்கள் தம் மொழியிலேயே அவ்வொலிக்குப் பொருள் கண்டு, அப்பொருளிலிருந்து ஒரு பிறப்புக் கதையைப் படைத்துக்கொண்டனர். இதனை மக்கட்சொற்பிறப்பியல் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் சொல்லிலிருந்து கதை பிறக்கும் முறையில், சனகன் உழவுக்கதையும் இதுவும் ஒரே இயல்பின என்பதை மறத்தலாகாது.

மலாய் வழக்கு வேறொரு வகையினது. கிளந்தான் நிழற்கூத்தில் சீதை ‘சித்தி தேவி’ எனப்படுகிறாள். மலாய், இந்தோனேசியப் பெண்பெயர்களில் முன்னிற்கும் ‘சித்தி’ அரபு மொழியிலிருந்து வந்து தலைவி எனப் பொருள்படுவது. ஒலியொப்புமையால் வடசொற்பெயர் அரபுச்சொல்லின் வடிவை ஏற்றுள்ளது. சாவகத்திலோ அப்பெயர் இடையில் னகரம் பெற்றுச் ‘சிந்தா’ என வழங்குகிறது. ஆகவே மலாய்ப் பெண்ணொருத்தியின் பெயரிற் சித்தி என வருவதைச் சீதா எனத் தமிழில் எழுதுதல் பிழையாகும்.

8. மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கு

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம்.

(அ) உரோமன் எழுத்தில் மொழிபெயர்ப்போர், தெய்வமாயின் முதலெழுத்தைப் பெரிதாகவும், உழவுசாலாயின் சிறிதாகவும் எழுதித் தப்பிக்கலாம். தமிழில் அவ்வசதி இல்லை. இருக்கு வேத மந்திரத்தைத் தமிழாக்குவோர் ‘சீதையே’ என விளித்தால் வாசகர் உள்ளத்தில் இராமன் மனைவியே தோன்றுவாள். ‘உழவுசாலே’ என்றால் தெய்வம் மறையும். ‘உழவுசாலாகிய சீதைத் தாயே’ எனவோ ‘உழவுசால் தெய்வமே’ எனவோ இரண்டையும் இணைத்தல் இடத்திற்கேற்பப் பொருந்தும்.

(ஆ) அர்த்தசாத்திரத்தில் ஸீதா கலைச்சொல்லாய் வருமிடத்துப் பெயர்வடிவை அப்படியே இடுதல் தவறான எண்ணத்தை எழுப்பும். ஸீதாத்யக்ஷனை ‘அரசுநில வேளாண்மைத் தலைவன்’ எனவும், ஸீதாவை ‘அரசுநில விளைவு’ எனவும் பொருளாற் பெயர்த்தலே தக்கது. விதைப்பு மந்திரத்தில் மட்டும் தெய்வப்பெயர் வெளிப்பட வேண்டும்.

(இ) காப்பியங்களில் ஸீதா, ஜானகீ, வைதேஹீ, மைதிலீ என மாறிமாறி வருவனவற்றை வாசகர் எளிமை கருதிச் சீதை என ஒன்றாக்கிவிடும் வழக்கம் உண்டு. தந்தையை நினைவூட்டும் இடமும், பிறந்த நாட்டை நினைவூட்டும் இடமும், மண்ணை நினைவூட்டும் இடமும் வெவ்வேறு. அவற்றை ஒன்றாக்குதல் மூலத்தின் குறிப்பை அழிப்பதாகும்.

(ஈ) பிறப்பு வரலாறு முதன்முதல் வருமிடத்தில், உழவுசாலுக்கு வடமொழியில் ஸீதா என்பது பெயர் என்னும் செய்தி பனுவலுக்குள்ளேயே ஒரு தொடராக இடம்பெறுதல் நன்று. மூலக்கவிஞர் கூறாதுவிட்டது தம் கேட்போர் அறிந்திருந்தமையால். நம் வாசகர் அறியார் ஆதலின், கூறாதுவிடுதல் மூலத்திற்கு உண்மையாய் இருப்பதன்று.

(உ) கூட்டுச்சொற்களில் விழிப்பு வேண்டும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த மரத்தின் பழத்தைத் தமிழிற் சீத்தாப்பழம் என்கிறோம். இந்தியில் ‘ஸீதாபல்’ அதனையும் குறிக்கும். தில்லி வட்டாரத்திற் பரங்கிக்காயையும் குறிக்கும். இடமறியாது பெயர்த்தால் கறி கனியாகிவிடும்.

9. முடிவுரை

ஸீதா என்பது வயலின் சொல்லாய்த் தோன்றி, வழிபாட்டின் சொல்லாகவும் ஆட்சியின் சொல்லாகவும் வளர்ந்து, இறுதியிற் பெயராய் உறைந்தது. பொதுச்சொல்லாய் இருந்தவரை அதற்குக் கதை தேவைப்படவில்லை. சொல் மறைந்தபின் கதை அதன் பொருளைக் காத்தது. கதையும் எட்டாத இடத்தில் புதுப்பொருளும் புதுக்கதையும் தோன்றின. இயற்பெயர்கள் மொழிபெயர்ப்புக்கு உரியவை அல்ல என்னும் பொதுவிதி ஒலியளவில் சரியே. பொருளளவில் அதனை அவ்வாறே கொண்டால், இதிகாச மகளிருள் தன் பிறப்பையே பெயராகக் கொண்ட ஒருத்தி, பொருளற்ற ஈரெழுத்தாகத் தமிழில் நின்றுவிடுவாள். அவளுக்கு உரிய தமிழ்ச்சொல் நம் உழவரிடம் இன்றும் உள்ளது. அது சால்.